உள் மூலம் கிரேடு 2: ரப்பர் பேண்டா, லேசரா? பண்ணிக்கிட்டவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்

ராத்திரிஷிப்ட்:

எல்லாருக்கும் வணக்கம். இத எங்க கேக்கறதுன்னு தெரியாம ரெண்டு வாரமா டைப் பண்றதும் அழிக்கறதுமா இருக்கேன், வீட்ல கூட இன்னும் முழுசா சொல்லல, அதனால கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

வயசு 34, ஆண். உக்காந்தே பாக்கற வேலை, அதுல பாதி நாள் நைட் ஷிப்ட். நாலு மாசம் முன்னாடி ஒரு நாள் மோஷன் போயிட்டு எந்திரிச்சு திரும்பிப் பாத்தா கோப்பை பூரா செகப்பு. வலி இல்ல, எரிச்சல் இல்ல, ரத்தம் மட்டும் சொட்டு சொட்டா விழுந்திருக்கு. அன்னிக்கு பயத்துல சரியா சாப்பிடக்கூட இல்ல. அப்புறம் பத்து நாள் ஒண்ணும் வரல, சரி சூடு போலன்னு விட்டுட்டேன். மறுபடி வந்துச்சு, போச்சு, வந்துச்சு. இப்ப கொஞ்ச நாளா முக்கும்போது சின்னதா ஏதோ வெளிய எட்டிப் பாக்குது, எந்திரிச்சா தானா உள்ள போயிடுது.

வெக்கத்த விட்டு ஒரு சர்ஜன்கிட்ட போனேன். விரல் விட்டுப் பாத்தாரு, அப்புறம் ப்ராக்டோஸ்கோப்னு ஒரு சின்ன குழாய் விட்டு லைட் அடிச்சுப் பாத்தாரு, மொத்தமே ரெண்டு நிமிஷம்தான், நான் நெனச்ச அளவுக்கு கொடுமையா இல்ல. உள் மூலம், ரெண்டு எடத்துல இருக்கு, கிரேடு 2ன்னு சொல்லிட்டு நார்ச்சத்து பவுடர் எழுதிக் குடுத்து, ஆறு வாரம் பாரு, நிக்கலன்னா ஓபிலயே ரப்பர் பேண்ட் போட்டுடலாம்னு அனுப்பிட்டாரு. எனக்கோ இவ்வளவு ரத்தம் போகுது, இவரு பவுடரக் குடுத்து அனுப்பறாரேன்னு இருந்துச்சு.

அதனால நெட்ல விளம்பரம் பாத்து இன்னொரு எடத்துக்குப் போனேன். அங்க டாக்டரப் பாக்கறதுக்கு முன்னாடியே கவுன்டர்ல ஒருத்தர் உக்கார வச்சு, லேசர் சார், வலியே இருக்காது, அரை மணி நேரம், இனி ஜென்மத்துக்கும் திரும்ப வராது, நாளைக்கே அட்மிட் ஆயிடுங்கன்னாரு. யோசிச்சு சொல்றேன்னதும், தள்ளிப் போட்டா கேன்சர் ஆயிடும் சார்னு ஒரு குண்டத் தூக்கிப் போட்டாரு. அன்னியிலேர்ந்து தூக்கம் போச்சு.

லேசர்தான் லேட்டஸ்ட்னா பேண்ட் பழைய முறையா? பேண்ட் போட்டா வலிக்குமா, எத்தன நாள் லீவு வேணும்? திரும்ப வருமா? கேன்சர் ஆகும்னு சொன்னது நெசமா?

பழைய_சைக்கிள்:

தம்பி, முதல்ல மூச்ச விடு. நானும் அந்தக் கோப்பையப் பாத்துட்டு உயில் எழுதலாமான்னு யோசிச்சவன்தான். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு பேண்ட் போட்டாங்க, மூணு எடம், ஒரே தடவையில இல்ல, முதல்ல ரெண்டு, ஆறு வாரம் கழிச்சு ஒண்ணு.

எப்படி இருக்கும்னு அப்படியே சொல்றேன், ஏன்னா எனக்கு அப்ப யாரும் சொல்லல. இடது பக்கமா ஒருக்களிச்சு முழங்காலை நெஞ்சுகிட்ட மடக்கிப் படுக்கச் சொல்வாங்க. மயக்க ஊசியெல்லாம் கிடையாது. அதே ப்ராக்டோஸ்கோப்ப விட்டு, அது வழியா துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அது மூலத்த உறிஞ்சி இழுக்கும், உள்ள டக்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், ரத்த ஓட்டத்த நிறுத்தற மாதிரி அடில ரப்பர் வளையம் மாட்டியாச்சு. அந்த வளையத்த நான் முன்னாடியே காட்டச் சொல்லிப் பாத்தேன், பேனா ரீபில்ல மாட்டலாம் போல அத்தனூண்டு, கருப்பு கலரு. இதுக்காடா இவ்ளோ பயந்தோம்னு இருந்துச்சு.

வலின்னு சொல்ல முடியாது, ஆனா ஒண்ணுமே இல்லன்னு சொன்னா அது பொய். மோஷன் முட்டிக்கிட்டு நிக்கற மாதிரி ஒரு பாரம், போனா ஒண்ணும் வராது. ரெண்டு நாளைக்கு அது இருந்துச்சு. நான் பண்ண தப்பு என்னன்னா முட்டுதேன்னு போயி உக்காந்து முக்கினது, அத மட்டும் பண்ணிடாத. எந்திரிக்கும்போது தலை சுத்தி ஒரு பத்து நிமிஷம் அங்கயே படுத்திருந்தேன், அதுவும் சகஜம்தான்னு நர்ஸ் சொன்னாங்க, யாராவது கூட வந்தா நல்லது. அடுத்த நாள் வீட்ல இருந்தேன், அதுக்கு அடுத்த நாள் வேலைக்குப் போயிட்டேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ கொஞ்சம் ரத்தம் வந்துச்சு. செத்த சதை உதிர்ந்து விழற நேரம் அது. முன்னாடியே சொல்லியிருந்ததால பதறல. வளையம் விழுந்தத நான் பாக்கவே இல்ல, தேடிப் பாக்கவும் ஆசை இல்ல.

இப்ப வரைக்கும் ரத்தம் இல்ல. ஆனா நடுவுல ஒரு மாசம் டூர் வேலை, கண்ட நேரத்துல சாப்பாடு, தண்ணியே குடிக்கல, அப்ப ஒரு நாள் லேசா எட்டிப் பாத்துச்சு. ஒழுங்கா ஆனதும் அதுவும் நின்னுடுச்சு.

சும்மா_ஒருத்தன்:

இந்த பேண்ட், லேசர் எதுவும் வேணாம் ப்ரோ, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஊசி போட்டு ஒரே தடவையில கரைச்சுடுவாரு, பரம்பரையா பண்றாங்க. நம்பர் வேணும்னா தனியா மெசேஜ் பண்ணுங்க.

கத்திரிக்கோல்:

மேல இருக்கற பதிலுக்கு முதல்ல: மெசேஜ் பண்ணாதீங்க ராத்திரிஷிப்ட். நான் பொது அறுவை சிகிச்சைல இருக்கேன். மூலத்துக்கு ஊசி போடறது முறையான வைத்தியத்துலயே இருக்கு, ஸ்க்ளீரோதெரபின்னு பேரு, பாதாம் எண்ணெயில கலந்த 5% பீனால், இல்லன்னா பாலிடோகனால், இத அளவு பாத்து உள் மூலத்தோட வேர் பக்கம் போடுவோம். அதே ஊசிய என்ன மருந்துன்னே தெரியாம, எங்க போடறோம்னும் தெரியாம ஒருத்தர் போட்டா சதை வெந்து போயி, ஆறும்போது ஆசனவாய் சுருங்கிடும். அப்படி வந்த ஒருத்தருக்கு சுண்டு விரல் கூட உள்ள போகல. மூலத்தோட முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம், அவரு மோஷன் போறதுக்கே ஆபரேஷன் பண்ணிக்க வேண்டியதாப் போச்சு.

இப்ப உங்க கேள்விக்கு வரேன், கொஞ்சம் பெருசா போகும்.

மூலம்ங்கறது புதுசா முளைக்கற கட்டி கிடையாது. ஆசனவாய்க்கு உள்ள எல்லாருக்குமே ரத்தக்குழாய் நெறஞ்ச மெத்தை மாதிரி திசு பிறவியிலேயே இருக்கு, பொதுவா மூணு எடத்துல, நாங்க கடிகாரக் கணக்குல 3, 7, 11 மணின்னு சொல்வோம். காத்தும் தண்ணியும் கசியாம அடைச்சு வைக்கறதுல அதுக்கும் பங்கு இருக்கு. அதைப் பிடிச்சு வச்சிருக்கற நார்கள் வருஷக்கணக்கா முக்கி முக்கி தளர்ந்து, மெத்தை கீழ சரியும்போதுதான் அதுக்கு நோய்னு பேரு. ரத்தம் மட்டும் வந்தா கிரேடு 1, வெளிய வந்து தானா உள்ள போனா 2, கையால தள்ளி விடணும்னா 3, தள்ளினாலும் போகலன்னா 4. நீங்க சொன்னத வச்சுப் பாத்தா உங்க சர்ஜன் 2ன்னு சொன்னது பொருந்துது. உள்ள ஒரு எல்லைக்கோடு இருக்கு, அதுக்கு மேல வலி நரம்பு கிடையாது, அதனாலதான் அவ்வளவு ரத்தம் போயும் உங்களுக்கு வலிக்கல, பேண்ட் போட மயக்கம் தேவைப்படாததும் அதனாலதான். போட்ட அடுத்த நிமிஷமே சுருக்குனு குத்தி வலிச்சா பேண்ட் கோட்டுக்கு ரொம்ப பக்கத்துல விழுந்திருக்குன்னு அர்த்தம், பல்லக் கடிச்சுட்டு வீட்டுக்குப் போகாம அங்கயே சொல்லிடணும், எடுத்துட்டு மேல போடுவாங்க.

பேண்ட் பழைய முறையான்னு கேட்டீங்க. ஆமா, 1963ல பாரன்ங்கற டாக்டரு சுலபமாக்கி எழுதினதுலேர்ந்து இது பரவலா இருக்கு. பழசா இருந்தும் இன்னும் கிரேடு 2க்கு முதல்ல கை போறது இதுக்குத்தான், ஏன்னா வேல செய்யுது, அறுவை கிடையாது, திரும்ப வந்தா திரும்பப் போடலாம். டாப்ளர்ங்கற அல்ட்ராசவுண்ட் கருவி வச்சு ரத்தக்குழாய் எங்க ஓடுதுன்னு சத்தத்துல கண்டுபிடிச்சு தையல் போட்டுக் கட்டற முறை ஒண்ணு இருக்கு, 1995ல ஜப்பான்ல மோரினாகா சொன்னது. இதையும் பேண்டையும் மோத விட்டு பிரிட்டன்ல ஒரு பெரிய ஆய்வு பண்ணி 2016ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல போட்டாங்க. ஒரு வருஷத்துல திரும்ப வந்தது பேண்ட்ல 49%, தையல்ல 30%. இந்த நம்பர மட்டும் காட்டி பேண்ட் பாதிக்குப் பாதி ஃபெயில்னு சொல்றவங்க உண்டு. உள்ள படிச்சா, ரெண்டாவது தடவ பேண்ட் போட்டுக்கிட்டவங்களையும் திரும்ப வந்த கணக்குல சேத்திருக்காங்க. பேண்ட்ங்கறதே ரெண்டு மூணு சிட்டிங் ஆகக்கூடிய வைத்தியம்தானே, மறு பேண்ட விட்டுட்டுப் பாத்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் நிக்கல. தையல்ல முதல் வாரம் வலி ஜாஸ்தி, மயக்கமும் குடுக்கணும்.

லேசர். 1470 நானோமீட்டர் டயோடு லேசர்தான் இப்ப பெரும்பாலும். மெல்லிசான ஒரு ஃபைபர மூலத்துக்குள்ள விட்டு உள்ளேர்ந்து சூடாக்கி சுருங்க வைக்கறாங்க. நல்ல முறைதான், நான் குறை சொல்லல, கிரேடு 2லயும் ரொம்பத் தொங்காத 3லயும் பலன் இருக்கு, அறுத்து எடுக்கற ஆபரேஷனோட ஒப்பிட்டா வலி நல்லாவே கம்மி. ஆனா வலியே இருக்காதுன்னு உங்ககிட்ட சொன்னவரு ஒண்ண விட்டுட்டாரு, அதுக்கு பொதுவா முதுகுல ஊசியோ முழு மயக்கமோ குடுக்கறாங்க, அதுக்கப்புறம் சில நாள் வீக்கமும் வலியும் இருக்கும். ஜென்மத்துக்கும் வராதுங்கற உத்தரவாதத்த எந்த முறைக்கும் யாராலயும் குடுக்க முடியாது, அறுத்து எடுக்கற ஆபரேஷன்தான் திரும்ப வர்றது கம்மியான முறை, அதுலயே சிலருக்கு வருது. இன்ஃப்ராரெட் கோயாகுலேஷன்னு இன்னொண்ணு, சின்ன மூலத்துக்கு ஒளியால சூடு வைக்கறது, அதையும் சில எடத்துல லேசர்னு சொல்லி வித்துடறாங்க. எந்த மெஷின், என்ன மயக்கம், ஏன் எனக்கு இதுன்னு டாக்டர்கிட்டயே கேளுங்க. கவுன்டர்ல இருக்கறவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்ல.

கேன்சர் விஷயம். மூலம் கேன்சரா மாறவே மாறாது, ரெண்டும் வேற திசு, வேற கதை. ஆனா கேன்சரால வர்ற ரத்தத்த மூலம்னு நெனச்சுட்டு வருஷக்கணக்கா விட்டவங்க உண்டு, பயப்பட வேண்டியது அதுக்குத்தான். அதனால நீங்க எழுதாம விட்ட சிலதக் கேக்கறேன். எடை காரணமில்லாம குறைஞ்சிருக்கா? மோஷன் போற பழக்கம் திடீர்னு மாறிச்சா? ரத்தம் மலத்தோட கலந்து வருதா, கருப்பா தார் மாதிரி வந்துச்சா? சோர்வு, மூச்சு வாங்கறது? ஹீமோகுளோபின் பாத்தாங்களா? குடும்பத்துல அப்பா அம்மா கூடப்பிறந்தவங்க யாருக்காவது குடல்ல கேன்சரோ, பாலிப்ங்கற சின்ன சதை வளர்ச்சியோ இருந்திருக்கா? ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி ஏதாவது சாப்பிடறீங்களா? கடைசிது பேண்ட் போடறதுக்கு முன்னாடி கண்டிப்பா சொல்ல வேண்டியது.

ராத்திரிஷிப்ட்:

டாக்டர், இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. பழைய_சைக்கிள் அண்ணா உங்களுக்கும், உயில் மேட்டர் படிச்சுட்டு நாலு மாசத்துல முதல் தடவையா இத நெனச்சு சிரிச்சேன்.

எடை குறையல, கருப்பா வரல, மாத்திரை எதுவும் இல்ல. சோர்வு இருக்கு ஆனா நைட் ஷிப்ட்னால இருக்கும்னு நெனச்சேன். ஹீமோகுளோபின் பாக்கல. அப்பாவுக்கு 52 வயசுல பெருங்குடல்ல கேன்சர் வந்து ஆபரேஷன் பண்ணாங்க, இப்ப நல்லா இருக்காரு. இத அந்த சர்ஜன்கிட்ட நான் சொல்லல. அவரு வீட்ல யாருக்காவது ஏதாவது இருக்கான்னு கேட்டாரு, நான் சுகர் பிரஷரக் கேக்கறாருன்னு நெனச்சு இல்லன்னுட்டேன். அது குடல், இது மூலம், ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னுதான் மனசுல இருந்துச்சு. லேசர் எடத்துல இந்தக் கேள்வியே வரல.

கத்திரிக்கோல்:

இது பெரிய தகவல். பதறாதீங்க, உங்களுக்கு அது இருக்குன்னு நான் சொல்லல, நாலு மாசத்து ரத்தத்துக்கு கிரேடு 2 மூலமே போதுமான காரணம்தான். ஆனா அப்பாவுக்கு 60க்குள்ள வந்திருக்கு, உங்களுக்கு ரத்தம் போகுது, இந்த ரெண்டும் சேந்தா மூலத்தப் பாத்துட்டோமேன்னு அதோட நிறுத்தக் கூடாது. ரத்தமே வராம இருந்தாக்கூட அப்பாவுக்கு இப்படி இருக்கறவங்களுக்கு 40 வயசுலயோ, அவருக்கு வந்த வயசுக்குப் பத்து வருஷம் முன்னாடியோ, எது முன்னாடி வருதோ அப்பவே கொலோனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள்ள கேமரா குழாய் விட்டுப் பாக்கற டெஸ்ட், ஆரம்பிக்கணும்ங்கறதுதான் நடைமுறை. உங்களுக்கு ரத்தமும் வர்றதால அது வரைக்கும் காத்திருக்க வேணாம். இந்த வாரமே அதே சர்ஜன்கிட்ட போயி அப்பா விஷயத்த சொல்லுங்க. பேண்ட், லேசர் எல்லாம் அதுக்கப்புறம்.

மழைவாசி:

நான் லேசர் பண்ணிக்கிட்டவள். மூணாம் கிரேடு, ஒவ்வொரு தடவையும் விரலால தள்ளி விடணும், அந்த அருவருப்ப அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். முதுகுல ஊசி போட்டு பண்ணாங்க, அன்னிக்கே சாயங்காலம் வீடு. முதல் நாலு நாள் நல்லா வீங்கி உக்காரவே முடியல, வலியில்லன்னு சொன்ன போஸ்டர் மேல கோவம் கோவமா வந்துச்சு. ஆனா என் அக்காவுக்கு அறுத்து எடுக்கற ஆபரேஷன் பண்ணாங்க, அவ ஒரு மாசம் ஒவ்வொரு மோஷனுக்கும் கண்ணாடித் துண்டு போற மாதிரி அழுதா, அதோட பாத்தா என்னுது ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது வாரம் வேலைக்குப் போயிட்டேன்.

சொல்ல வந்தது வேற. ஒரு வருஷம் எந்தத் தொல்லையும் இல்ல. அப்புறம் மெதுவா மறுபடி ரத்தம். மெஷினத் திட்டிட்டு போனேன், டாக்டர் கேட்ட முதல் கேள்வி, பாத்ரூமுக்கு போன் கொண்டு போறீங்களான்னு. சிரிச்சுட்டேன். எவ்ளோ நேரம்னாரு. தெரியலன்னேன். ஒரு வாரம் நேரம் குறிச்சுட்டு வாங்கன்னாரு. குறிச்சேன். ஒரு நாள் 22 நிமிஷம், ஒரு நாள் 35. மோஷன் போக ஆனது அதுல மூணு நிமிஷம் கூட இருக்காது, மீதி நேரம் பூரா ஊரான் வீட்டுக் கல்யாண வீடியோ பாத்துட்டு உக்காந்திருக்கேன்.

பழைய_சைக்கிள்:

இதப் பத்தி ஆய்வே வந்துச்சு. கொலோனோஸ்கோப்பிக்கு வந்த 125 பேரக் கேட்டுப் பாத்திருக்காங்க, 2025ல ப்ளோஸ் ஒன்ங்கற ஆய்வு இதழ்ல வந்தது. மூணுல ரெண்டு பேரு டாய்லெட்ல போன் பாக்கறவங்க, அவங்களுக்கு மூலம் இருக்கற வாய்ப்பு 46% அதிகம். அஞ்சு நிமிஷத்துக்கு மேல உக்கார்றது போன்காரங்கள்ல 37%, போன் இல்லாதவங்கள்ல 7% பேருதான். சின்ன ஆய்வுதான், போன்தான் காரணம்னு அடிச்சு சொல்லிட முடியாது, ஆனா படிச்ச அன்னிக்கே நான் போன வெளிய வச்சுட்டேன்.

கத்திரிக்கோல்:

காரணம் யோசிச்சா புரியும். நாற்காலியில உக்காந்தா அடிப்பக்கத்துக்கு ஒரு தாங்கல் இருக்கு. கோப்பையில நடுவுல ஓட்டை, தாங்க எதுவும் இல்ல, மெத்தைகள்ல ரத்தம் எறங்கி எறங்கி நிக்கும். முக்கவே வேணாம், சும்மா உக்காந்திருந்தாலே போதும். அஞ்சு நிமிஷத்துல வரலன்னா எந்திரிச்சுடணும், அப்புறம் உந்துதல் வரும்போது போகணும். உந்துதல் வரும்போது மீட்டிங் இருக்கேன்னு அடக்கறதும் அதே அளவு கெடுதல், உள்ளயே இருக்க இருக்க குடல் தண்ணிய உறிஞ்சிக்கிட்டே இருக்கும், கல்லாயிடும். உயரமான கோப்பையா இருந்தா காலுக்குக் கீழ ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முழங்கால் இடுப்புக்கு மேல வர்ற மாதிரி உக்காருங்க, மலக்குடல மடக்கிப் பிடிச்சிருக்கற தசை தளர்ந்து வழி நேராகும், முக்க வேண்டிய வேலை குறையும்.

பவுடரக் குடுத்து அனுப்பிட்டாருன்னு ராத்திரிஷிப்ட் வருத்தப்பட்டாரு இல்ல, அதையும் சொல்லிடறேன். நார்ச்சத்துக்கு இருக்கற ஆதாரம் பல விலை உயர்ந்த மெஷினுக்குக் கூட இல்ல. 2005ல, மருத்துவ ஆய்வுகளத் தொகுத்து அலசற காக்ரேன் அமைப்புக்காரங்க 7 ஆய்வுகள், 378 பேர ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, நார்ச்சத்து எடுத்தவங்களுக்கு ரத்தம் போறது கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கு. ஒரு நாளைக்கு 25லேர்ந்து 30 கிராம் நார்ச்சத்து வேணும், காய், பழம், பயறு, தீட்டாத தானியம் எல்லாம் சேத்து, பத்தாததுக்கு இசப்கோல்ங்கற நார்ச்சத்து உமி. ஒரே நாள்ல ஏத்தினா வயிறு உப்பி காத்தா போகும், உடனே எனக்கு ஒத்துக்கலன்னு நிறுத்திடுவாங்க. ரெண்டு மூணு வாரத்துல மெதுவா ஏத்துங்க. இசப்கோல அரை டம்ளர் தண்ணியில கொழகொழன்னு முழுங்கிட்டு படுத்துடாதீங்க, முழு டம்ளர், அதுக்கு மேல இன்னும் ஒரு டம்ளர். தண்ணி இல்லாம நார்ச்சத்து மட்டும் எடுத்தா அது அடைப்ப இன்னும் கெட்டியாக்கும்.

ரெண்டு_பிள்ளை_அம்மா:

நடுவுல நானும் ஒண்ணு கேட்டுக்கறேன், இதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம் மாதிரியே பேசறீங்க. எனக்கு ரெண்டாவது பிரசவத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி ராவோட ராவா வெளிப்பக்கம் ஒரு நீலக் கட்டி, திராட்சை அளவு, தொட்டா உயிர் போகும். அப்புறம் தானா போயிடுச்சு, ஆனா தோல் மட்டும் கொஞ்சம் தொங்கற மாதிரி இருக்கு. அதையும் எடுக்கணுமா? இப்ப வலி இல்ல.

கத்திரிக்கோல்:

அக்கா, அது வெளி மூலத்துல ரத்தம் உறைஞ்சது. முதல் மூணு நாளுக்குள்ள வலி தாங்க முடியாம வந்தா மரக்க ஊசி போட்டு எடுக்கலாம், அதத் தாண்டிட்டா வலி தானா இறங்க ஆரம்பிக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல அடங்கும், அப்ப போயி வெட்டினாதான் தொல்லை. வெதுவெதுப்பான தண்ணியில பத்து பதினஞ்சு நிமிஷம், நாளைக்கு ரெண்டு மூணு தடவ உக்கார்றதுதான் அதுக்கு பெரிய நிம்மதி. மிச்சமா தொங்கற தோலால ஆபத்து இல்ல, கழுவறதுக்கு இடைஞ்சலா இருந்தா மட்டும் எடுத்துக்கலாம், ஆனா ஒரு தடவ நேர்ல காட்டி அது வெறும் தோல்தான்னு உறுதி பண்ணிக்கோங்க. கர்ப்பத்துல வர்ற மூலம் பெரும்பாலும் பிரசவத்துக்கப்புறம் அடங்கிடும், அதனால அந்த நேரத்துல நாங்க அவசரப்பட்டு கை வைக்கறதில்ல.

மருந்துக்கடை க்ரீம் பத்தி யாரும் கேக்கல, ஆனா எல்லாரும் போடறீங்கன்னு தெரியும். மரக்க வைக்கற க்ரீம் எரிச்சலுக்கு ஓகே. ஸ்டீராய்டு கலந்தத ஒரு வாரத்துக்கு மேல தொடர்ந்து போடாதீங்க, அங்க தோல் மெலிஞ்சு போயிடும். க்ரீம் எதுவும் சரிஞ்ச மெத்தைய மேல ஏத்தாது.

ராத்திரிஷிப்ட்:

ரெண்டரை மாசம் கழிச்சு வரேன். படிச்சுட்டு அப்படியே போயிடற ஆள் நான் இல்லன்னு காட்டத்தான்.

மறுநாளே சர்ஜன்கிட்ட போயி அப்பா விஷயத்த சொன்னேன். மனுஷன் பேனாவ கீழ வச்சுட்டு நிமிந்து பாத்தாரு, இத முதல்லயே சொல்லக் கூடாதான்னாரு, அவ்வளவுதான், திட்டல. ஹீமோகுளோபின் 10.8தான், கம்மி, அதான் அந்தச் சோர்வு, நைட் ஷிப்ட் மேல பழி போட்டுட்டு இருந்தேன். இரும்புச்சத்து மாத்திரை ஓடுது. பத்து நாள்ல கொலோனோஸ்கோப்பி பண்ணாங்க. டெஸ்ட்ட விட முந்தின நாள் ராத்திரி குடிச்ச பேதி மருந்துதான் கொடுமை, டெஸ்ட் மயக்கத்துல போயிடுச்சு. இடது பக்கம் ஒரு பாலிப் இருந்துச்சு, 6 மில்லிமீட்டர். அப்பவே எடுத்துட்டாங்க. பயாப்சி வர்ற வரைக்கும் அஞ்சு நாள் எப்படிப் போச்சுன்னு எழுத வேணாம். வந்த ரிசல்ட்ல கேன்சர் இல்ல, ஆனா அடினோமா, விட்டு வச்சா பல வருஷம் கழிச்சு அதுவா மாறக்கூடிய வகைன்னாரு. இனிமே எப்பெப்ப டெஸ்ட் பண்ணணும்னு எழுதிக் குடுத்திருக்காரு. தம்பியையும் அனுப்பச் சொன்னாரு, அவன் இன்னும் பிடி குடுக்காம ஓடிட்டு இருக்கான்.

ரத்தத்துக்கு மூலம்தான் காரணம்னு சொல்லிட்டாரு. பவுடர் எடுத்ததுல வாரத்துக்கு நாலு தடவ வந்தது ஒண்ணாச்சு, போன் ஹால்லயே நிக்குது, முதல் வாரம் பாத்ரூம்ல ஷாம்பு பாட்டில எடுத்து எழுதியிருக்கறத எல்லாம் படிச்சேன், கைய என்ன பண்றதுன்னே தெரியல. முழுசா நிக்கலங்கறதால போன மாசம் ஒரு எடத்துல பேண்ட் போட்டாரு. அண்ணா சொன்ன அதே டக். அதே பாரம். நான் முக்கல. ஏழாம் நாள் ரத்தம் வந்து அடங்கிடுச்சு. போன வாரம் ரெண்டாவது எடத்துலயும் போட்டாச்சு.

ஒரே சந்தேகம், இன்னிக்கு ஆறாவது நாள், ஜிம் போகலாமா?

கத்திரிக்கோல்:

வேணாம். சதை உதிர்ற நேரம் இனிமேதான், வெயிட் தூக்கறது ரெண்டு வாரம் தாண்டட்டும், நடக்கலாம். கொஞ்சம் ரத்தம் பரவால்ல, ஆனா கட்டி கட்டியாவோ நிக்காமலோ போனாலும், காய்ச்சலோட வலி ஏறிக்கிட்டே போயி ஒண்ணுக்கும் போக முடியலன்னாலும் ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க, அது ரொம்ப அபூர்வம், ஆனா காத்திருக்கக் கூடாத விஷயம். பாலிப்ப எடுத்தது ரொம்ப நல்லது. தம்பிய விடாதீங்க.

மழைவாசி:

தம்பிய இந்தத் திரெட்டப் படிக்கச் சொல்லுங்க. பாத்ரூம்ல வச்சு படிக்க வேணாம்னும் சொல்லிடுங்க.